‘வெறும் எம்.பி.பி.எஸ்.’ என்பவர்களுக்கு

சளி, காய்ச்சல் என்றால் பக்கத்துத் தெரு டாக்டர் போதும். கொஞ்சம் பெரிதாக ஏதாவது என்றால் நேராக ஸ்பெஷலிஸ்ட்டிடம் போய்விட வேண்டும். நடுவில் இன்னொருவரைப் பார்த்து நேரத்தையும் பணத்தையும் எதற்கு வீணாக்குவது? இன்று நம் ஊர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட அறிவுரை இது. படித்தவர்கள் இன்னும் உறுதியாகச் சொல்கிறார்கள். வரன் பேசும் வீட்டில் "பையன் டாக்டர்" என்றதும் அடுத்த கேள்வி, "எம்.பி.பி.எஸ். மட்டும்தானா, மேலே ஏதும் படிக்கலையா?" மேற்படிப்புக்கு இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடமாகத்தான் மருத்துவ மாணவர்களே குடும்ப மருத்துவத்தைப் பார்க்கிறார்கள்.

இந்தக் கருத்து அடிப்படையிலேயே தவறு என்பது என் வாதம். கொங்கு நாட்டில் ஒரு விசைத்தறி ஊரில் குடும்ப மருத்துவம் பார்க்கிறவன் நான். எனவே எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. அதை மறைக்கவில்லை. ஆனால் என் தொழிலின் கௌரவத்துக்காக மட்டும் இதை எழுதவில்லை. இந்தத் தவறான கருத்தால் கெடுவது முதலில் நோயாளிகளின் உடம்பு, அடுத்து அவர்களுடைய கையிருப்பு.

ஒரே மக்களை, அவர்கள் நன்றாக இருக்கும்போதும் நோயில் விழும்போதும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பதால் ஒரு அறிவு கிடைக்கிறது. எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும், எந்த ஆய்வுக்கூடத்திலும் அதைப் பெற முடியாது. நோயாளிக்கு வைத்தியம் செய்வது, நோயைப் பற்றி ஆராய்வது, ஊருக்கு ஆரோக்கியம் சொல்லித்தருவது என்ற மூன்று வேலைகளும் அந்த ஒரே அறிவிலிருந்துதான் புறப்படுகின்றன. முதல் வேலையைத் தெரு டாக்டருக்கும், இரண்டாவதைப் பல்கலைக்கழகத்துக்கும், மூன்றாவதை அரசாங்கச் சுவரொட்டிக்கும் பிரித்துக்கொடுத்ததால் மூன்றுமே நலிந்து கிடக்கின்றன.

முதலில் வைத்தியம். 1961-இல் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். வயது வந்த 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது ஒரு உடல் தொந்தரவு வருகிறது. 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேருகிறார்கள். 5 பேரை டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்புகிறார். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ச் சேருகிறவர் ஒரே ஒருவர். நாற்பது ஆண்டு கழித்து, 2001-இல், அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். பெரிதாக எதுவும் மாறியிருக்கவில்லை.

நாம் எல்லோரும் மருத்துவம் கற்றுக்கொள்வது அந்த ஒரே ஒருவரைப் பார்த்து. பாடப்புத்தகமும் அவரை வைத்து எழுதப்பட்டது, பரீட்சையும் அவரை வைத்து நடக்கிறது. மீதி 249 பேரைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை. அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். தலைவலியை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பியல் அறுவை நிபுணரின் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் பல கட்டங்களில் சலித்து அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் கட்டி இருப்பவர் கணிசமாக இருப்பார். என்னிடம் தலைவலி என்று வருகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட மூளையில் கட்டி இருப்பது அபூர்வம். ஒரே அறிகுறிதான், ஆனால் இரண்டு இடத்திலும் அதற்குப் பொருள் வேறு. எனவே அணுகுமுறையும் வேறாக இருந்தாக வேண்டும். நிபுணர் எதையும் தவறவிடக் கூடாது என்று தேடுகிறார். அவர் வேலைக்கு அதுதான் சரி. அதே தேடலை ஊர் முழுக்கச் செய்தால், இல்லாத நோய்கள் கண்டுபிடிக்கப்படும். இருந்தும் ஒன்றும் செய்யாத நோய்களுக்கெல்லாம் அறுவை சிகிச்சை நடக்கும்.

இது கற்பனைப் பயம் இல்லை. தென் கொரியாவில் நடந்தது. 1999-இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் சேரவில்லை. ஆனாலும் கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் கழுத்துக்கும் ஒரு அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிகள் அழைத்தன, மக்களும் ஆர்வமாகப் போனார்கள். 2011-க்குள் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்கானது. அந்த நோயால் இறந்தவர்களின் விகிதமோ அப்படியே இருந்தது. அதாவது கண்டுபிடித்ததால் காப்பாற்றப்பட்டவர்கள் என்று காட்ட ஒருவரும் இல்லை. கழுத்தை அறுத்துச் சுரப்பியை எடுத்துக்கொண்டு, ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடும் நிலைக்கு வந்தவர்கள் பல்லாயிரம். 2014-இல் சில கொரிய மருத்துவர்கள் கூட்டாக எழுந்து இதை எதிர்த்துப் பேசிய பிறகு, ஒரே ஆண்டில் தைராய்டு அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. இன்று நம் ஊர்ப் பேருந்துகளின் பின்புறம் ‘மாஸ்டர் செக்கப்’ விளம்பரம் ஓடுகிறது, பிறந்தநாளுக்கு அப்பா அம்மாவுக்கு அதைப் பரிசாக வாங்கிக்கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பணத்தில் என்ன வாங்கிக்கொடுக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது, சொல்ல வேண்டியவர்களும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் தறிக்கு நூல் போடும் ஒரு அம்மா. நாற்பதைத் தாண்டியவர். கையில் தடிமனான ஃபைலோடு வந்தார். தலைச்சுற்றல், அசதி, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஃபைலில் மூளைக்கு எம்.ஆர்.ஐ. இருந்தது, கழுத்து எலும்புக்கு எக்ஸ்ரே இருந்தது, காதுக்கு ஒரு பரிசோதனை, இதயத்துக்கு எக்கோ, வைட்டமின் டி அளவு. ஒவ்வொன்றையும் அந்தந்தத் துறைக்காரர் பார்த்து, தன் துறையில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார். "ஏனுங்க டாக்டரு, எல்லாம் நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க. வயித்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமுங்களா?" என்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துப்போய்க் கிடந்தது. "மாசாமாசம் போக்கு எப்படீங்க இருக்குது?" என்று கேட்டதற்குச் சற்று நேரம் பேசவில்லை. கூட வந்திருந்த மகனை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் சொன்னார், பத்து நாள் நிற்பதில்லை, துணி மாற்றி முடியவில்லை என்று. அத்தனை தாள்களுக்கு நடுவில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒரு தாள் இல்லை. எங்கள் ஆய்வகத்தில் பார்த்தபோது ஏழுக்கும் கீழே இருந்தது. அதற்குப் பிறகு அவரை ஒரு மகப்பேறு நிபுணரிடம்தான் அனுப்பினேன், அவர்தான் கர்ப்பப்பைக் கட்டியை எடுத்துக் குணப்படுத்தினார். நிபுணர்கள் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த நிபுணர், எப்போது என்று தீர்மானிக்கும் வேலையை நோயாளியின் தலையிலேயே கட்டிவிடுகிறோம், அதைத்தான் எதிர்க்கிறேன். அந்த அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே வரும் தொந்தரவை ஆண்பிள்ளை முன்னால் சொல்ல வராது என்பது எனக்குத் தெரியும். அவர் மாமியாரையும் நான்தான் பார்த்தேன் என்பதால் தெரியும். எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்கு அது தெரிய வழியே இல்லை.

‘இதெல்லாம் கதை, ஆதாரம் எங்கே’ என்று கேட்பது நியாயம். நார்வேயில் 2001 முதல் கிட்டத்தட்ட ஒவ்வொரு குடிமகனும் பெயர் குறிப்பிட்ட ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்கிறார். அந்தப் பதிவேடுகளை வைத்து சுமார் 45 லட்சம் பேரை ஆராய்ந்தார்கள். ஒரே டாக்டரிடம் 15 ஆண்டுக்கு மேல் இருந்தவர்களை, புதிதாக ஓராண்டுக்குள் வந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நெடுநாள் இருந்தவர்கள் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேருவது 28% குறைவு. இறப்பு 25% குறைவு. ஆண்டு ஏற ஏறப் பயனும் படிப்படியாக ஏறியது. இப்படி ஒரு பலனை ஒரு மாத்திரை கொடுத்திருந்தால் அந்த நிறுவனத்தின் பங்கு விலை எங்கேயோ போயிருக்கும். இது டாக்டரும் நோயாளியும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதால் கிடைக்கும் பலன் என்பதால் அதற்கு விளம்பரம் செய்ய ஆளில்லை.

அடுத்து, ஆராய்ச்சி. குடும்ப டாக்டர் ஆராய்ச்சி செய்கிறார் என்றால் நம் ஆட்கள் சிரிப்பார்கள். கண்ணாடிக் குடுவையும் வெள்ளை எலியும் இல்லாமல் என்ன ஆராய்ச்சி?

வில்லியம் பிக்கிள்ஸ் என்ற டாக்டர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஏஸ்கார்த் என்ற கிராமத்தில் இருந்தவர். சுற்றியிருந்த மலைப் பள்ளத்தாக்கின் சிறு ஊர்களையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். 1929-இல் அங்கே மஞ்சள் காமாலை பரவியது. 5,700 பேர் வாழ்ந்த பகுதியில் சுமார் 250 பேருக்கு வந்தது. அது தொற்றுநோய்தானா, தொற்றினால் எத்தனை நாளில் வெளிப்படும் என்பது அன்று பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் சரியாகத் தெரியாது. நகரத்தில் யார் யாரைச் சந்தித்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிக்கிள்ஸுக்குத் தெரியும். காலையில் அவர் படுக்கையில் பார்த்துவிட்டு வந்த ஒரு பெண், அன்று மதியமே எழுந்து ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டாள். அங்கே அவளோடு பழகியவர்களில் 13 பேருக்குப் பின்னால் காமாலை வந்தது. யார், எந்த வீடு, எந்த நாள் என்று அவர் குறிப்பேட்டில் இருந்தது. நாளைக் கழித்துப் பார்த்தார்: நான்கு முதல் ஐந்து வாரம். இன்று ஹெபடைடிஸ் ஏ என்று சொல்கிறோமே, அந்த வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் மனிதன் பார்த்தது 1973-இல்தான். அது நோயை வெளிக்காட்ட எத்தனை நாள் எடுத்துக்கொள்ளும் என்பதை ஒரு கிராமத்து டாக்டர் பேனாவையும் நாட்குறிப்பையும் வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார். 1939-இல் வெளிவந்த அவருடைய நூல் தொற்றுநோயியலில் இன்றும் மதிக்கப்படுகிறது. பிரிட்டனில் பொது மருத்துவர்களுக்கென்று கல்லூரி உருவானபோது அவரைத்தான் முதல் தலைவராக்கினார்கள்.

அவரையும்விட எனக்கு நெருக்கமானவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்க ஊரான கிளின்கோரக்கில் 1961 முதல் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் டாக்டராக இருந்தார். சுமார் இரண்டாயிரம் பேர் வாழ்ந்த ஏழை ஊர். மருத்துவ ஆராய்ச்சியில் நல்ல பயிற்சி பெற்றவர் அவர். லண்டனிலேயே இருந்திருக்கலாம், இருக்கவில்லை. நோய் என்று வருகிறவர்களை மட்டும் பார்த்தால் போதாது என்று முடிவு செய்து, 1968 வாக்கில் ஊரில் உள்ள வயது வந்தவர்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கினார். யார் வரவில்லையோ அவரைத் தேடிப்போனார். ரத்தக் கொதிப்புக்குப் பெரும்பாலும் வலி கிடையாது, எந்த அறிகுறியும் கிடையாது. எனவே அதை உடையவர் டாக்டரைத் தேடி வரமாட்டார். டாக்டர்தான் அவரைத் தேடிப்போக வேண்டும். இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த யோசனையை ஒரு முழு ஊரில் நடத்திக்காட்டிய முதல் குடும்ப மருத்துவர் அவர்.

இருபத்தைந்து ஆண்டின் கணக்கை 1991-இல் வெளியிட்டார். கொதிப்பு இருந்தவர்களின் சராசரி ரத்த அழுத்தம், சிகிச்சைக்கு முன் 186/110, பிறகு 146/84. முதலில் பரிசோதித்த ஆண்களில் புகை பிடிப்போர் 61 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். பக்கத்திலேயே அதேபோன்ற இன்னொரு சுரங்க ஊர், அதே ஆஸ்பத்திரி வசதி. அங்கே இப்படி ஒரு முயற்சி நடக்கவில்லை. அதோடு ஒப்பிட்டால் கிளின்கோரக்கில் அகால மரணம் கால்வாசிக்கும் மேல் குறைவு. இதில் வைத்தியம் எங்கே முடிந்தது, ஆராய்ச்சி எங்கே தொடங்கியது, பிரச்சாரம் எங்கே வந்தது என்று யாராவது கோடு கிழித்துக் காட்டட்டும். உப்பைக் குறைத்தால் கொதிப்பு குறையுமா என்ற ஆய்வில் அந்த ஊர்க்காரர்களே பங்கேற்றார்கள். ஆராய்ச்சிக்கு உட்பட்டவர்கள் தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களும் கற்றுக்கொண்டார்கள். அதே டியூடர் ஹார்ட்தான் 1971-இல், எங்கே நல்ல மருத்துவம் அதிகம் தேவையோ அங்கேதான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது, சந்தை புகப்புக இது மோசமாகிறது என்று லான்செட் இதழில் எழுதியவர். உலகம் முழுக்க இன்றும் எடுத்தாளப்படும் அந்தக் கட்டுரை, அவர் தினமும் பார்த்துவந்த சுரங்கத் தொழிலாளிகளிடமிருந்து வந்தது.

தனி மனிதர்களை மட்டும் காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கருத்தடை மாத்திரை பாதுகாப்பானதா என்ற கேள்வி உலகத்தை உலுக்கியபோது, 1968-இல் பிரிட்டனில் 1,400 குடும்ப டாக்டர்கள் சேர்ந்து 46,000 பெண்களைப் பதிவு செய்து பல பத்தாண்டுகள் கவனித்தார்கள். எந்தத் தனி ஆஸ்பத்திரியாலும் அதைச் செய்திருக்க முடியாது. மாத்திரை சாப்பிடும் ஆரோக்கியமான பெண் ஆஸ்பத்திரிக்கு ஏன் வரப்போகிறாள்?

கொரோனா காலம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வீட்டில் இருந்தவர்கள் கையில் அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், ஐவர்மெக்டின் என்று மருந்துப் பொட்டலம். யார் சொன்னார்கள் என்று தெரியாமலே ஊர் முழுக்க விழுங்கினார்கள். இப்படிப்பட்ட மருந்துகள் வேலை செய்கின்றனவா என்று ஆக்ஸ்ஃபோர்டில் ‘பிரின்சிபிள்’ என்ற ஆய்வில் பார்த்தார்கள். அதை நடத்தியவர்கள் குடும்ப மருத்துவத் துறையினர். அதில் சேர்ந்தவர்கள் வீட்டிலிருந்த நோயாளிகள். அசித்ரோமைசினால் பயனில்லை, டாக்சிசைக்ளினாலும் பயனில்லை என்று 2021-இல் சொல்லிவிட்டார்கள். ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சும் பியூடிசொனைடு, வயதானவர்கள் குணமாகும் நாளைச் சுமார் மூன்று நாள் குறைக்கிறது என்று கண்டார்கள். இந்தக் கேள்விக்கு ஐ.சி.யூ.விலிருந்து விடை கிடைத்திருக்காது. ஐ.சி.யூ.வில் இருப்பவர் வேறு, வீட்டில் காய்ச்சலோடு படுத்திருப்பவர் வேறு. நம் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு நோயை ஆஸ்பத்திரிக்கு வெளியேதான் பார்க்கிறோம். அங்கே செய்யும் வைத்தியம் பற்றிய சொந்த ஆய்வு நம்மிடம் அரிதினும் அரிது. அடுத்த கொள்ளைநோய்க்கும் யாரோ தரும் பொட்டலத்தைத்தான் பிரிக்கப்போகிறோமா?

மூன்றாவது, மக்களுக்குக் கற்றுக்கொடுப்பது. ‘விழிப்புணர்வு’ என்றாலே அரசாங்கப் பதாகை, மாரத்தான் ஓட்டம், யூடியூப் காணொளி என்று ஆகிவிட்டது. குடும்ப டாக்டர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தினமும் பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார், அவர் எழுதும் சீட்டினால். பால் லிட்டில் என்ற பிரிட்டிஷ் குடும்ப மருத்துவர் 1997-இல் இதை நிரூபித்தார். தொண்டை வலியோடு வந்த 716 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு ஆன்டிபயாடிக் உடனே. ஒரு பிரிவுக்குக் கிடையாது. இன்னொரு பிரிவுக்கு, மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் குணமானார்கள். வித்தியாசம் எங்கே வந்தது தெரியுமா? உடனே மருந்து பெற்றவர்களில் 87% பேர் ஆன்டிபயாடிக்தான் குணப்படுத்தியது என்று நம்பினார்கள்; மருந்து பெறாதவர்களில் அப்படி நம்பியவர்கள் 55%. அடுத்த முறை தொண்டை வலித்தால் டாக்டரிடம் ஓட வேண்டும் என்று அதிகம் நினைத்தவர்களும் உடனே மருந்து பெற்றவர்களே. தேவையில்லாத ஒரு சீட்டு, ஒரு குடும்பத்துக்குத் தலைமுறைக்கும் தவறான பாடம் சொல்லிவிடுகிறது. அதைத் திருத்த எத்தனை பதாகை வைத்தாலும் போதாது.

நல்ல பாடத்துக்கும் அதே சக்தி உண்டு. லண்டனில் 28 குடும்ப டாக்டர்களை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 1979-இல் வெளியானது. புகை பிடிக்கும் நோயாளிகளிடம் ஓரிரு நிமிடம், உறுதியாக, ‘விட்டுவிடுங்கள்’ என்று சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, மறுபடி விசாரிப்பேன் என்று சொன்னார்கள். ஓராண்டு கழித்து அவர்களில் 5.1% பேர் புகையை விட்டிருந்தார்கள். எதுவும் சொல்லப்படாதவர்களில் 0.3%. ஐந்து சதவீதம்தானே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஒரு டாக்டர் ஆண்டு முழுக்க எத்தனை பேரிடம் பேசுகிறார் என்று பெருக்கிப் பாருங்கள்.

இங்கே தறி ஓட்டுகிறவர்களுக்குக் காது மந்தமாகிவிடுகிறது. இரவு பகலாக அந்தச் சத்தம். நான் சத்தமாகப் பேசிப் பழகிவிட்டேன், சத்தமாகப் பேசுவதால் வெளியே காத்திருப்பவர்களுக்கும் கேட்கிறது. ஒருவருக்குச் சொல்லும் ரகசியத்துக்குக் கதவைச் சாத்துகிறேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிகரெட் விஷயங்களுக்குச் சாத்துவதில்லை. "மாத்திரைய நிறுத்திப்போட்டா மறுபடி ஏறிக்குமுங்க" என்று உள்ளே ஒருவரிடம் சொன்னால், வெளியே பெஞ்சில் இருக்கும் இன்னொருவர் தன் மருந்துப் பையைத் தடவிப் பார்ப்பார். எந்தக் காணொளிக்கும் இந்த வாய்ப்பு கிடையாது. காணொளியில் பேசுபவர் கேட்பவரின் சம்பளத்தை, சமையலை, பயத்தை அறியமாட்டார். மறுவாரம் ‘என்ன ஆச்சு’ என்று கேட்கவும் மாட்டார்.

என் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். ‘நீங்கள் சொல்லும் டாக்டர் எங்கே இருக்கிறார்? எங்கள் தெருவில் இருப்பவர் வந்தவர் எல்லோருக்கும் ஊசி போடுகிறார், அசதி என்றால் டிரிப்ஸ் ஏற்றுகிறார், மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு கொடுக்கிறார், ஒரு நோட்டுகூட வைத்துக்கொள்வதில்லை, ஸ்கேன் சென்டரில் பங்கு வாங்குகிறார்.’ இதில் பொய் எதுவும் இல்லை. இப்படிப்பட்டவர்களால் முகம் வீங்கி, எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறி வந்தவர்களை நானே பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆனால் இதிலிருந்து ‘எனவே ஸ்பெஷலிஸ்ட்டிடமே போவோம்’ என்ற முடிவுக்கு வருவது சரியில்லை. இந்தத் துறைக்கென்று பயிற்சி கொடுக்காமல், பதிவேடு கேட்காமல், நேரத்துக்குக் கூலி கொடுக்காமல், ஊசிக்கும் மருந்துக்கும் மட்டும் காசு கொடுத்துப் பழக்கிவிட்டு, பிறகு ஊசிதான் போடுகிறார் என்று குற்றம் சாட்டுகிறோம். பதினைந்து நிமிடம் பேசி, மருந்தே வேண்டாம் என்று அனுப்பினால், "ஒண்ணுமே குடுக்கலை, அதுக்கு எதுக்கு காசு?" என்று கேட்கும் ஊர் இது.

இன்னொரு பக்கம், நாம் கொண்டாடும் குடும்ப டாக்டர்கள். வட சென்னையில் ‘ஐந்து ரூபாய் டாக்டர்’ என்று பெயர் பெற்ற டாக்டர் ஜெயச்சந்திரன் 2018-இல் மறைந்தபோதும், வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் 2020-இல் மறைந்தபோதும் அந்தப் பகுதியே திரண்டு அழுதது. அந்தக் கண்ணீருக்கு அவர்கள் முழுத் தகுதி உடையவர்கள். எனக்கு உறுத்துவது வேறு. நாம் அவர்களைப் பாராட்டியதெல்லாம் கட்டணத்துக்காக, ஈகைக்காக. தலைமுறைகளாக ஒரே தெருக்களைப் பார்த்துவந்த அந்த மனிதர்களுக்கு வட சென்னையின் நுரையீரலைப் பற்றியும் சிறுநீரகத்தைப் பற்றியும் என்னென்ன தெரிந்திருக்கும் என்று யாரும் போய்க் கேட்கவில்லை. அவர்கள் அறிந்ததை எழுதிவைக்க ஓர் உதவியாளரையோ, ஒரு கணினியையோ, ஒரு பல்கலைக்கழகத் தொடர்பையோ யாரும் ஏற்படுத்தித் தரவில்லை. குடும்ப டாக்டரை ஏளனம் செய்கிறவர்களும், தெய்வமாக்குகிறவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: அவரிடம் தனி அறிவு இருப்பதாக இரு தரப்பும் நினைக்கவில்லை.

விளைவைத் தமிழ்நாட்டின் எண்களிலேயே பார்க்கலாம். வெளிநாட்டுக்காரர்களும் வைத்தியத்துக்கு விமானம் ஏறி வரும் மாநிலம் இது. 2020-இல் இங்கே நடந்த அரசுக் கணக்கெடுப்பில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு. சர்க்கரை நோயாளிகளில் 10.8. உலகத்தரமான இதய ஆஸ்பத்திரிகளும் டயாலிசிஸ் மையங்களும் நிறைந்த மாநிலத்தில், அங்கே போகாமல் தடுக்க வேண்டிய சாதாரண மாத்திரை நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. நிபுணர் பஞ்சத்தால் வந்த நிலை என்று இதைச் சொல்ல முடியுமா? கொதிப்புக்கு அம்லோடிபின் மாத்திரை எழுத இதய நிபுணர் தேவையில்லை. போன மாதம் வந்தவர் இந்த மாதம் ஏன் வரவில்லை என்று கேட்கிற ஓர் ஆள் தேவை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் இரண்டு விகிதங்களும் 17 விழுக்காட்டையொட்டி வந்தன. தேடிப்போனால் பலன் உண்டு என்ற டியூடர் ஹார்ட்டின் பாடம்தான் இங்கேயும் பலித்தது. நூற்றில் மிச்சமிருக்கும் 83 பேருக்கு மாத்திரை மட்டும் வீட்டுக்குப் போனால் போதாது. அளவை மாற்ற வேண்டும், இரண்டாவது மருந்து சேர்க்க வேண்டும், கால் வீங்குகிறது என்று நிறுத்தியவரிடம் பேச வேண்டும், மகன் வேலை போன கவலையில் சாப்பிடாமல் கிடப்பவரைப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அந்த வீடுகளைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்ட ஒரு டாக்டர் வேண்டும். ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற இளம் டாக்டர், மேற்படிப்பு இடம் கிடைத்ததும் கிளம்பிவிடுகிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அங்கேயே இருந்தால் உயர வழி வைக்காத ஏற்பாட்டின்மேல்தான் கோபம்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு டாக்டர். அவரிடம் அந்தக் குடும்பத்தின் பதிவேடு. பதிவேட்டை ஆய்வாக்க அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் துணை. சீட்டுக்கும் ஊசிக்கும் பதிலாகப் பொறுப்பிலுள்ள மக்களின் எண்ணிக்கைக்கும் அவர்கள் நலத்துக்கும் ஏற்ற ஊதியம். குடும்ப மருத்துவத்தில் எம்.டி. இடங்கள் நாடு முழுக்கச் சொற்பம். அவற்றை மற்ற துறைகளுக்கு இணையாகப் பெருக்க வேண்டும். ‘செலவு எங்கிருந்து வரும்’ என்று கேட்பவர்கள், மூளைக்கு எடுத்த அந்த எம்.ஆர்.ஐ.க்கு நூல் போடும் அம்மா யாரிடம் வட்டிக்கு வாங்கினார் என்று முதலில் விசாரிக்கட்டும்.

ஒரு தொடக்கம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டப்படி, எம்.பி.பி.எஸ். மாணவர் முதல் ஆண்டிலேயே கிராமத்தில் சில குடும்பங்களை ஏற்றுக்கொண்டு படிப்புக் காலம் முழுக்கத் தொடர்ந்து பார்க்க வேண்டும். என்னிடம் பேசும் மாணவர்கள் சிலர் இதைச் சடங்காக முடிக்கிறார்கள். சிலர் உண்மையிலேயே அந்தப் பாட்டிகளோடு ஒட்டிக்கொள்கிறார்கள், பரீட்சை நேரத்திலும் போன் செய்து சர்க்கரை எவ்வளவு என்று விசாரிக்கிறார்கள். இந்த இரண்டாம் வகை மாணவர் பட்டம் வாங்கியதும், அதே குடும்பங்களின் டாக்டராகத் தொடர விரும்பினால் விண்ணப்பிக்க ஒரு பணியிடம் இல்லை.